வேகத்திற்கு மந்திரச் சொல் கிடையாது!



தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்குக் கணினி நிரலில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். காரணம் இருக்கிறது. பொறுமையோடு இறுதிவரை படித்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

சென்ற பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி தன் தந்தையாருடன் என் இல்லத்திற்கு வந்திருந்தாள். ஆறாம் ஆண்டில் என்னிடம் இலக்கணம் பயின்றவள். இப்பொழுது ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். கையில் திருத்தப்பட்ட பயிற்சித்தாள் ஒன்று. சி++ மொழியில் அவள் எழுதிய சிறு நிரல். இரண்டு முழு எண்களைப் பெற்று, அவற்றுள் பெரியதைத் திருப்பித் தரும் பகுதி அதில் இருந்தது. அதன் பக்கத்தில் சிவப்பு மையில், "கான்ஸ்ட் ரெஃபரன்ஸ் இடவில்லை, நிரல் மெதுவாகும்" என்று எழுதி ஐந்து மதிப்பெண்களைக் குறைத்திருந்தார்கள்.

"ஐயா, நான் இரண்டு விதமாகவும் எழுதி நேரத்தை அளந்து பார்த்தேன். எள்ளளவும் வேறுபாடு இல்லை. அதைச் சொன்னபோது, 'கொடுத்த விதியை எழுது. ஆராய்ச்சியைப் பிறகு பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டார்கள். நான் செய்தது தவறா?" என்று கேட்டாள்.

அவள் தந்தையார் குறுக்கிட்டார். "சொன்னதை எழுதிவிட்டு வரவேண்டியதுதானே, சார்? இவளுக்கு எதற்கு வீண் வம்பு?"

மகள் கேட்ட கேள்விக்கும் தந்தை கேட்ட கேள்விக்கும் விடை சொல்லவே இக்கட்டுரை. சுருக்கமான விடையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மகள் செய்தது சரி. தந்தை சொன்னது தவறு. அந்தச் சிவப்பு மை அதனினும் பெரிய தவறு.

முதலில் பொருள் விளங்கட்டும்

நிரலில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்து தரும் பகுதியைச் செயற்கூறு என்கிறோம். அதற்கு நாம் கொடுத்தனுப்பும் தரவை ஏற்றுக்கொள்வது அளபுரு. நாம் எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி. சி++, பாஸ்கல், டெல்பி, அடா, ஃபோர்ட்ரான் முதலியவை இவ்வாறு பெயர்க்கப்பட்டு ஓடும் மொழிகள்.

ஆசிரியர்களுக்கு விளங்கும்படி ஓர் எடுத்துக்காட்டு. பள்ளி அலுவலகத்தில் உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டைக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இரண்டு வகையில் உதவலாம்.

ஒன்று, பதிவேட்டைப் படியெடுத்துக் கொடுப்பது. அவர்கள் அதில் என்ன கிறுக்கினாலும் உங்கள் மூலப் பதிவேடு பத்திரமாக இருக்கும். ஆனால் தாளும் நேரமும் செலவாகும்.

மற்றொன்று, "மூன்றாவது அலமாரியில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்" என்று இடத்தைச் சொல்லிவிடுவது. தாள் செலவு இல்லை. ஆனால் அவர்கள் எழுதினால் மூலத்திலேயே எழுதுவார்கள். அதனால், "பார்க்கலாம்; எழுதக்கூடாது" என்று ஒரு நிபந்தனையும் சேர்த்துச் சொல்வோம்.

நிரல்மொழிகளில் அளபுருவோடு சேர்த்து எழுதும் சின்னஞ்சிறு சொற்கள் இதைத்தான் சொல்கின்றன. பாஸ்கலில் 'வார்' என்றால் மூலத்தையே கையாளலாம். 'கான்ஸ்ட்' என்றால் பார்க்கலாம், மாற்றக்கூடாது. அடாவில் 'இன்', 'அவுட்', 'இன் அவுட்' என்று தரவு செல்லும் திசையைச் சொல்கிறார்கள். சி++ மொழியில் இடத்தைச் சொல்வதற்கு ஒரு குறியும், மாற்றாதே என்பதற்கு 'கான்ஸ்ட்' என்னும் சொல்லும் தனித்தனியே உண்டு. இரண்டும் சேர்ந்ததே அந்தச் சிவப்பு மை கேட்ட 'கான்ஸ்ட் ரெஃபரன்ஸ்'. இச்சொற்களை இக்கட்டுரையில் அடைமொழிகள் என்று அழைக்கிறேன்.

தமிழாசிரியர்களுக்கு இது புதிதன்று. 'இராமன் கண்ணனை அழைத்தான்'. 'இராமனைக் கண்ணன் அழைத்தான்'. 'ஐ' என்னும் ஓர் உருபு இடம் மாறியதும் அழைத்தவர் யார், அழைக்கப்பட்டவர் யார் என்பதே மாறிவிடுகிறது. உருபு என்பது உறவைச் சொல்வது. "ஐ உருபை இட்டால் வாக்கியம் வேகமாக ஓடும்" என்று நம்மில் எவரேனும் கற்பிப்போமா? நிரலின் அடைமொழியும் அப்படித்தான். யாருடைய தரவு, யார் மாற்றலாம், யார் மாற்றக்கூடாது என்னும் உறவைச் சொல்வதே அதன் முதல் வேலை. வேகம் அதற்குப் பின்னால் வரலாம், வராமலும் போகலாம், சில வேளைகளில் குறையவும் செய்யலாம்!

வரலாறு என்ன சொல்கிறது?

1960இல் வெளிவந்த அல்கால் 60 மொழியில் 'வேல்யூ' என்றோர் அடைமொழி இருந்தது. அதை இட்டால், கொடுத்தனுப்பும் கோவையின் மதிப்பு அழைக்கும்போது ஒரே ஒரு முறை கணக்கிடப்படும். இடாவிட்டால், உள்ளே அந்தப் பெயர் வரும் ஒவ்வோர் இடத்திலும் கோவை மீண்டும் மீண்டும் கணக்கிடப்படும். அங்கே வேகம் மட்டுமா மாறியது? விடையே மாறக்கூடும்.

1970இல் நிக்லாஸ் விர்த் அறிமுகப்படுத்திய பாஸ்கல் இதனை எளிமையாக்கியது. அடைமொழி இல்லையேல் படி. 'வார்' இட்டால் மூலம். 1992இல் வந்த டர்போ பாஸ்கல் ஏழாம் பதிப்பில் 'கான்ஸ்ட்' அளபுரு சேர்ந்தது. 1983இல் தரப்படுத்தப்பட்ட அடா மொழியோ இன்னும் தெளிவாகச் செய்தது. தரவு உள்ளே செல்கிறதா, வெளியே வருகிறதா, இரண்டுமா என்பதை மட்டும் நீ சொல். பெரிய அணிகளையும் பதிவுகளையும் படியெடுப்பதா, இடத்தைச் சொல்வதா என்பதை நிரல்பெயர்ப்பி முடிவு செய்துகொள்ளும் என்றது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மொழியை வடிவமைத்தவர்கள் இச்சொற்களுக்குப் பொருளைத்தான் முதலில் வைத்தார்கள். பொருளை நீக்கிவிட்டு 'வேக மாத்திரை' என்று பெயர் ஒட்டியவர்கள் நாம்தாம்.

விதி பலிக்கும் இடம்

எதிர்க்க வேண்டும் என்பதற்காக உண்மையை மறைக்கலாகாது. அந்த விதி பலிக்கும் இடங்கள் உண்டு. அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்து இலட்சம் தசம எண்கள் கொண்ட ஒரு பட்டியலை எண்ணிப் பாருங்கள். எண் ஒன்றுக்கு 8 பைட்டு. மொத்தம் 8 மெகாபைட்டு. சி++ மொழியில் இப்பட்டியலை அடைமொழி இன்றிக் கொடுத்தனுப்பினால், ஒவ்வோர் அழைப்பிற்கும் புதிய நினைவிடம் பெற்று 8 மெகாபைட்டையும் படியெடுக்க நேரிடும். ஆயிரம் முறை அழைத்தால் 8 கிகாபைட்டு அளவுக்குப் படியெடுப்பு! இடத்தை மட்டும் சொன்னால் 64 பிட்டுக் கணினியில் வெறும் 8 பைட்டு. இங்கே 'கான்ஸ்ட் ரெஃபரன்ஸ்' இடாதவரைத் திருத்தத்தான் வேண்டும். சிவப்பு மை இங்கே நியாயம்.

இன்னொன்று டெல்பி. 1996இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பிலிருந்து நீண்ட எழுத்துச்சரங்களுக்கு ஓர் எண்ணிக்கை வைக்கப்படுகிறது. ஒரே சரத்தை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்பதே அந்த எண்ணிக்கை. பிடித்தவர் எவரும் இல்லாதபோது நினைவிடம் விடுவிக்கப்படும். அடைமொழி இல்லாமல் சரத்தைக் கொடுத்தால், சரம் முழுவதும் படியெடுக்கப்படுவதில்லை. ஆனால் உள்ளே நுழையும்போது எண்ணிக்கையில் ஒன்று கூட்ட வேண்டும், வெளியேறும்போது ஒன்று கழிக்க வேண்டும். இடையில் பிழை நேர்ந்து வெளியேறினாலும் கழித்தாக வேண்டுமே! அதற்காக நிரல்பெயர்ப்பி நமக்குத் தெரியாமலே ஒரு பாதுகாப்பு வேலியையும் சுற்றிக் கட்டுகிறது. 'கான்ஸ்ட்' இட்டால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை, வேலியும் இல்லை. பல இலட்சம் முறை அழைக்கப்படும் சிறு செயற்கூறுகளில் இது கண்கூடான ஆதாயம்.

விதி வெறும் சடங்காகும் இடம்

இனி என் மாணவியின் நிரலுக்கு வருவோம். அவள் கொடுத்தனுப்பியவை இரண்டு முழு எண்கள். ஒவ்வொன்றும் 4 பைட்டு. இடத்தைச் சொல்லும் முகவரியோ 8 பைட்டு. பொருளைவிட அதன் முகவரி பெரிது! ஐந்து காசு நாணயத்தைக் கையில் கொடுப்பதை விட்டுவிட்டு, அதை அலமாரியில் வைத்துப் பூட்டி, அலமாரி இருக்கும் இடத்தை எழுதிக் கொடுப்பது சிக்கனமா?

சிறிய எண்கள் பெரும்பாலும் செயலியின் உள்ளேயே இருக்கும் பதிவகங்களில் வைத்துக் கொடுக்கப்படுகின்றன. 32 பிட்டு டெல்பியில் முதல் மூன்று சிறு அளபுருக்கள் பதிவகங்களிலேயே செல்லும். அங்கே முழு எண்ணுக்குக் 'கான்ஸ்ட்' இட்டாலும் இடாவிட்டாலும் செல்லும் வழி ஒன்றுதான். சி++ மொழியிலோ, முழு எண்ணின் இடத்தைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முதலில் நினைவகத்தில் ஓர் இடம் வேண்டும். பெறுபவர் அங்கே சென்று படிக்க வேண்டும். வேலை கூடுகிறதே ஒழியக் குறையவில்லை.

அப்படியானால் அவள் அளந்தபோது ஏன் வேறுபாடே தெரியவில்லை? அவளுடைய செயற்கூறு மிகச் சிறியது. இத்தகையவற்றை நிரல்பெயர்ப்பி அழைக்கும் இடத்திலேயே விரித்து எழுதிவிடும். அழைப்பே மறைந்துவிடுகிறது. அழைப்பு இல்லாத இடத்தில் படி ஏது, முகவரி ஏது? ஆக, அவள் அளந்து கண்டது முற்றிலும் உண்மை. அந்த உண்மைக்குத்தான் ஐந்து மதிப்பெண் அபராதம்!

விதி கெடுக்கும் இடம்

இதுவரை கூறியது வீண் சடங்கு. இனிக் கூறுவது தீங்கு. மூன்று எடுத்துக்காட்டுகள் தருகிறேன்.

1) சி++ மொழியில் ஒரு செயற்கூறு. ஒரு பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். பட்டியல் 2, 3, 4. பெருக்கெண்ணைக் 'கான்ஸ்ட் ரெஃபரன்ஸ்' ஆக வாங்குகிறோம். அழைப்பவர், பட்டியலின் முதல் எண்ணையே பெருக்கெண்ணாகச் சுட்டிவிட்டார். என்ன நடக்கும்? முதலில் 2 பெருக்கல் 2, விடை 4. அது முதல் இடத்தில் எழுதப்படுகிறது. ஆனால் பெருக்கெண் என்று சுட்டப்பட்டதும் அதே இடம்தான். எனவே பெருக்கெண் இப்பொழுது 4 ஆகிவிட்டது! அடுத்து 3 பெருக்கல் 4, விடை 12. பிறகு 4 பெருக்கல் 4, விடை 16. நாம் எதிர்பார்த்தது 4, 6, 8. கிடைத்தது 4, 12, 16.

"கான்ஸ்ட் என்றால் மாறாது அல்லவா?" என்று கேட்பீர்கள். இங்கேதான் விதியை ஒப்பிப்பவர்கள் சறுக்குகிறார்கள். சி++ மொழியில் அச்சொல், "இந்த வழியாக நான் மாற்ற மாட்டேன்" என்று மட்டுமே சொல்கிறது. "வேறு எந்த வழியாகவும் மாறாது" என்று சொல்லவில்லை. நிரல்பெயர்ப்பிக்கு இது தெரியும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் பெருக்கெண்ணை நினைவகத்திலிருந்து மறுபடியும் படிக்கிறது. அல்லது இரண்டும் ஒரே இடமா என்று முன்கூட்டியே சோதிக்கும் கூடுதல் கட்டளைகளைச் சேர்க்கிறது. பெருக்கெண்ணைப் படியாகவே வாங்கியிருந்தால் அதனைப் பதிவகத்தில் வைத்துக்கொண்டு பல எண்களை ஒரே மூச்சில் பெருக்கியிருக்கும். விடையும் சரியாக இருந்திருக்கும்; வேகமும் கூடியிருக்கும். வேகத்திற்காக இட்ட அடைமொழி இரண்டையும் கெடுத்தது.

2) டெல்பியில் 'கான்ஸ்ட்' சரம் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை என்று சற்று முன்னர் கண்டோம். ஒரு பொது மாறியில் உள்ள சரத்தை அவ்வாறு கொடுத்தனுப்புகிறோம். அதனைப் பெற்ற செயற்கூறு, தன் வேலைக்கு நடுவில் அதே பொது மாறிக்கு வேறொரு சரத்தை இட்டுவிடுகிறது. பழைய சரத்தைப் பிடித்திருந்தவர் ஒருவரே, அவரும் கைவிட்டார். எண்ணிக்கை சுழியம் ஆகிறது, நினைவிடம் விடுவிக்கப்படுகிறது. ஆனால் நம் அளபுரு இன்னும் அந்த இடத்தையே சுட்டி நிற்கிறது! ஆளில்லாத வீட்டின் முகவரி அது. ஒரு நாள் ஓடும். மறுநாள் தடாலென விழும். அடைமொழி இல்லாதிருந்தால் எண்ணிக்கை இரண்டாக இருந்திருக்கும். இந்த விபத்து நேர்ந்திராது. நாம் மிச்சப்படுத்திய அந்தக் கூட்டலும் கழித்தலும் வீண் செலவல்ல; காப்புறுதிக் கட்டணம்.

3) சி ஷார்ப் மொழியில் 2017இல் வந்த 7.2 பதிப்பில் 'இன்' என்னும் அடைமொழி அளபுருவுக்குச் சேர்க்கப்பட்டது. பெரிய கட்டமைப்புகளைப் படியெடுக்காமல் கொடுப்பதற்காக வந்தது. ஆனால் அந்தக் கட்டமைப்பு மாறாதது என்று முறையாக அறிவிக்கப்படாமல் இருந்து, அதன் செயல்முறை ஒன்றை உள்ளே அழைத்தால், எங்கே மூலம் மாறிவிடுமோ என்று அஞ்சி நிரல்பெயர்ப்பி தற்காப்புக்காக ஒரு படி எடுத்துக்கொள்கிறது. பத்து முறை அழைத்தால் பத்துப் படிகள் எடுக்க நேரலாம். அடைமொழி இல்லாதிருந்தால் ஒரே படியோடு முடிந்திருக்கும்! படியெடுப்பைத் தவிர்க்க வந்த சொல்லே படிகளைப் பெருக்கிய கதை இது.

உண்மையில் வேகம் தருவது எது?

ஃபோர்ட்ரான் மொழியைப் பாருங்கள். 1957 முதல் கணக்கீட்டு உலகை ஆண்டுவரும் மூத்த மொழி. பெரும்பாலும் இடத்தைச் சொல்லியே தரவைக் கொடுக்கும் மொழி. அப்படியிருந்தும் எண் கணக்கில் அதன் வேகத்துக்குப் பெயர் போனது. எப்படி?

அந்த மொழியின் தரவிதி ஒன்று இருக்கிறது. ஓர் அளபுருவின் வழியே ஒரு தரவை மாற்றினால், அதே தரவை வேறொரு பெயரில் தொடக்கூடாது. இது நிரலாளர் தரவேண்டிய வாக்கு. நிரல்பெயர்ப்பி அவ்வாக்கை நம்புகிறது. நாம் மேலே கண்ட 2, 3, 4 சிக்கல் வராது என்னும் நம்பிக்கையோடு பெருக்கெண்ணைப் பதிவகத்தில் வைத்துக்கொள்கிறது. சி மொழியில் இந்த வாக்கைத் தர நெடுங்காலம் வழியில்லை. 1999ஆம் ஆண்டுத் தரத்தில்தான் 'ரெஸ்ட்ரிக்ட்' என்னும் அடைமொழி வந்தது. "இந்த இடத்தை இவ்வழியாக மட்டுமே தொடுவேன்" என்பது அதன் பொருள். வாக்குத் தவறினால் விடை என்னவாகும் என்பதற்கு மொழி பொறுப்பேற்காது.

ஆக, வேகம் தருவது சொல் அன்று. அச்சொல்லின் வழியே நிரல்பெயர்ப்பிக்குக் கிடைக்கும் உண்மையான செய்தியும், அதனால் தவிர்க்கப்படும் வேலையுமே வேகம் தருகின்றன. செய்தி ஏதும் இல்லாத இடத்தில் அடைமொழி வெற்றொலி. பொய்யான செய்தி தரும் இடத்தில் அது நஞ்சு.

மூன்று வாதங்களும் என் மறுப்பும்

*"தொடக்கநிலை மாணவர்களுக்கு இவ்வளவும் எதற்கு? ஒரு விதியைக் கொடுத்தால் போதாதா?"*

விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சி++ மொழியை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரவுஸ்ட்ரப், ஹெர்ப் சட்டர் ஆகியோர் 2015இல் வெளியிடத் தொடங்கிய வழிகாட்டு நெறிகளிலும் விதி உண்டு. படியெடுக்க எளியதைப் படியாகவே கொடு. மற்றவற்றைக் 'கான்ஸ்ட் ரெஃபரன்ஸ்' ஆகக் கொடு என்பது அதன் சாரம். அந்த விதி ஒற்றை வரியாக நிற்கவில்லை. காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. அவ்விதியின்படி பார்த்தாலும் என் மாணவி எழுதியதே சரி! காரணத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பாதி விதியைக் கையில் கொடுத்ததால் வந்த வினைதான் அந்தச் சிவப்பு மை.

*"இக்காலக் கணினிகள் மின்னல் வேகம். இதையெல்லாம் கவனிக்கத் தேவையே இல்லை."*

8 மெகாபைட்டை ஆயிரம் முறை வீணாகப் படியெடுத்தால் எந்த மின்னலும் மங்கும். பழைய மடிக்கணினியில் படிக்கும் நம் தோட்டப்புறப் பிள்ளைக்கு அது உடனே தெரியும். அதுமட்டுமன்று, 4, 12, 16 என்னும் தவறான விடையை மின்னல் வேகத்தில் பெறுவதால் யாருக்கு என்ன பயன்?

*"நிரல்பெயர்ப்பி மிகத் திறமையானது. எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்."*

பார்த்துக்கொள்ளும், பார்க்க முடிந்தவரை. அழைக்கப்படும் செயற்கூறு வேறொரு கோப்பிலோ, முன்பே பெயர்த்து வைத்த நூலகத்திலோ இருந்தால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பது பொதுவாக அதற்குத் தெரியாது. நீங்கள் படியெடுக்கச் சொன்னால் படியெடுக்கும். நம் மனத்தில் இருப்பதை அது ஊகிக்காது. எழுதியதைத்தான் படிக்கும்.

குற்றம் எங்கே இருக்கிறது?

என் சினம் அந்த விரிவுரையாளர் மீது மட்டும் அன்று. சினம் நம் மீதும்தான்!

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அத்தேர்வு போயிற்று, அது வளர்த்த பழக்கம் போகவில்லை. 'இந்தக் கேள்வி வந்தால் இந்த விடை' என்று பயிற்றும் பழக்கத்தைச் சொல்கிறேன். கட்டுரைக்கு முன்னுரை வாய்பாடு, கணக்கிற்குக் குறுக்குவழி வாய்பாடு, இப்பொழுது நிரலுக்கும் வேக வாய்பாடு. 2017 முதல் இடைநிலைப்பள்ளிகளில் அடிப்படைக் கணினி அறிவியல் ஒரு பாடமாக நுழைந்தது. அதன் பின் நிரலாக்க வகுப்புகளுக்குப் பெற்றோர் பணம் கட்டுவதும் கூடியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் அங்கும் பிள்ளைகள் வாய்பாட்டைத்தான் உருப்போடுகிறார்கள் என்றால், நாம் கட்டிய பணம் கணினிக் கல்விக்கு அன்று, மனப்பாடத்திற்குத்தான்.

'ஒற்று மிகும், மிகாது' என்று பட்டியல் கொடுத்து ஒப்பிக்கச் செய்த வகுப்புகளை நானும் நடத்தியவன்தான். ஏன் மிகுகிறது என்று ஒரு மாணவன் கேட்டபோது, "தேர்வில் காரணம் கேட்க மாட்டார்கள்" என்று நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். அந்த விடைக்கும் "ஆராய்ச்சியைப் பிறகு பார்க்கலாம்" என்ற விடைக்கும் என்ன வேறுபாடு? அந்தப் பயிற்சித்தாளில் இருந்த மை என் பேனாவிலிருந்தும் கசிந்ததுதான்.

என்ன செய்யலாம்?

ஆசிரியர்களுக்கு...

அ) அடைமொழியைக் கற்பிக்கும்போது முதல் கேள்வி, "இத்தரவை யார் மாற்றலாம்?" என்பதாக இருக்கட்டும். இரண்டாம் கேள்வி, "இது எவ்வளவு பெரியது?" மூன்றாம் கேள்வி, "இதே தரவு வேறு பெயரிலும் உள்ளே நுழைகிறதா?" இம்மூன்றுக்கும் விடை சொல்லத் தெரிந்த மாணவனுக்கு அடைமொழி தானாக வரும்.

ஆ) வேகம் என்று சொன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். அளப்பதையும் கற்பியுங்கள். உகப்பாக்கம் முடுக்கப்படாத நிலையில் அளந்தால் அது வீண். கணக்கிட்ட விடையை எங்கும் பயன்படுத்தாவிட்டால் நிரல்பெயர்ப்பி அந்தக் கணக்கையே நீக்கிவிடக்கூடும். அப்பொழுது சுழியத்தைத்தான் அளந்திருப்போம். ஒரு முறை அளந்தால் போதாது. பல முறை அளக்க வேண்டும்.

இ) உங்கள் விதிக்கு மாறான அளவோடு மாணவர் வந்தால் மகிழுங்கள். விதியைத் திருத்தவோ, காரணத்தை விளக்கவோ கிடைத்த வாய்ப்பு அது.

பெற்றோர்களுக்கு...

நிரல் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சொல்லை ஏன் இங்கே இட்டாய்?" 'வகுப்பில் அப்படித்தான் சொன்னார்கள்' என்று விடை வந்தால், அந்த வகுப்பை நடத்துபவரிடம் அதே கேள்வியைக் கொண்டு செல்லுங்கள். கட்டணம் கட்டுபவருக்கு அந்த உரிமை உண்டு.

மீண்டும் அந்த மாலைப்பொழுது

மாணவியிடம், அளந்த எண்களையும் நிரலையும் இணைத்துப் பணிவாக ஒரு விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தாள். மதிப்பெண் திரும்பவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

ஆனால் அன்று மாலை என் வீட்டு மேசையில் இன்னொன்று நடந்தது. ஒரு தாளில் 2, 3, 4 என்று எழுதி, முதல் எண்ணின் மேல் விரலை வைத்து, அது எப்படித் தானும் மாறி மற்றவற்றையும் மாற்றுகிறது என்று தன் தந்தையாருக்கு விளக்கினாள். அவர் நிரலாக்கம் அறியாதவர். நாளெல்லாம் லாரி ஓட்டுபவர். இருமுறை விரல்விட்டுக் கணக்கிட்டுப் பார்த்தார்.

"அப்படியென்றால் அவர்கள் கொடுத்த விதி பொய்யா?" என்று கேட்டார்.

"விதி பொய்யில்லை, அப்பா. எங்கே பொருந்தும் என்று சொல்லாமல் கொடுத்துவிட்டார்கள்" என்றாள்.

அவர் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த ஐந்து மதிப்பெண் போனால் போகட்டும். நீ அளப்பதை விட்டுவிடாதே" என்றார்.

ஆசிரியப் பெருமக்களே, அந்தத் தந்தை மாறுவதற்கு ஒரு தாளும் மூன்று எண்களும் போதுமாக இருந்தன. நாம் மாறுவதற்கு இன்னும் எத்தனை பிள்ளைகளின் மதிப்பெண்கள் வேண்டும்?

சிந்திப்போம். அடுத்த பதிவில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்.